ப்ராசஸருக்கு வைத்த பொட்டு

மயிலாப்பூர்
3.9.97

அன்புள்ள அச்யுத்துக்கு,

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் கடிதமா என்று உங்கள் அம்மா கேட்டால், சத்திரம் பார்ப்பது பற்றி என்று சொல்லிவிடுங்கள். தை மாதம் கல்யாணம் ஆகும்வரை நாம் சந்திக்கக் கூடாது என்று அப்பா தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. டெலிபோன் கூடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்து நாற்காலியில் அப்பா இருக்கிறார். கோட்டூர்புரம் என்ன, அரை மணி பஸ் தூரம். ஆனாலும் தபால்காரரை விட்டால் நமக்குக் கதியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க வந்தபோது என் அறையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "காலேஜ் வேலைக்கா?" என்று உங்கள் அம்மா கேட்டார். "ஆமாம், கொஸ்டின் பேப்பரெல்லாம் அதுலதான் அடிப்பா" என்றாள் என் அம்மா. அது பாதி உண்மை. மீதியை நானே சொல்லிவிடுகிறேன். பகலில் நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை விமானி. ஆமாம், விளையாட்டுதான். விமானம் ஓட்டுகிற விளையாட்டு. கேபினெட்டிலிருந்து கீபோர்டு வரை என் சம்பளத்தில் நானே பார்த்துப் பார்த்து வாங்கி, நானே மாட்டியது. விளையாடத்தான் வாங்கினேன்.

இப்போது அதில் இருப்பது பென்டியம் 100. மேலே பறக்கும்வரை பரவாயில்லை. தரையிறங்கும்போது ஓடுபாதை விட்டுவிட்டுத் தெரிகிறது. நேற்று அது கடைசியாகக் கண்ணில் பட்டபோது நான் அதற்கு அடியில் இருந்தேன். ப்ராசஸரை மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் வேகம் கூடிய சாதாரண 166 போடு என்கிறார், ஒருவர் புதிதாக வந்திருக்கும் எம்எம்எக்ஸ் என்கிறார், இன்னொருவர் வேறு கம்பெனி சிப்பே போதும் என்கிறார். நீங்கள் கம்ப்யூட்டர் கடையில் இதையே தொழிலாகச் செய்கிறவர். எதைப் போடலாம்? என் மதர்போர்டின் பெயரையும் நம்பரையும் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, இவளா என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வர்ஷினி


கோட்டூர்புரம்
6.9.97

அன்புள்ள வர்ஷினி,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். பனகல் பார்க்கில் இறங்க வேண்டியவன் பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடந்தேன். அவ்வளவு அதிர்ச்சி. பெண் பார்த்த அன்று நீ தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுத்தாய். அந்தக் கையால் விமானத்தை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறாய் என்று யார் நினைப்பார்கள்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சத்திரம் என்றே சொல்லியிருக்கிறேன்.

இனி தொழில். உன் மதர்போர்டைப் பற்றிப் புத்தகத்தில் பார்த்தேன். எம்எம்எக்ஸ் வேண்டாம். அதற்கு இரண்டு விதமான வோல்டேஜ் கொடுக்க வேண்டும், உன் போர்டில் அந்த வசதி கிடையாது. மாட்டினால் வெந்துவிடும். அந்த வேறு கம்பெனி சிப், கடிதம் அடிக்க, கணக்கு எழுதக் கெட்டிக்காரன்தான். ஆனால் புள்ளி வைத்த எண்களில் அதற்கு மூச்சு வாங்கும். விமான விளையாட்டு முழுக்க அந்தக் கணக்குதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சாதாரண 166. உன் போர்டில் வேகத்தைத் தீர்மானிக்கும் இரண்டு ஜம்பரை இடம் மாற்றினால் போதும். எப்படி என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

நீ எங்கேயும் கடை ஏற வேண்டாம். எங்கள் கம்பெனியில் இருந்தே ஒன்றை நானே பொறுக்கி, மூன்று நாள் இடைவிடாமல் ஓட்டிப் பார்த்து அனுப்புகிறேன். அதற்காக எதுவும் பேசாதே, இது என் பரிசு. ஒரே ஒரு வேண்டுகோள். மாட்டிய பிறகு மேலே இருக்கும் ஃபேனைக் கழற்றாதே. சிப்புக்கு அது நல்லதில்லை.

அன்புடன்,
அச்யுத்


மயிலாப்பூர்
15.9.97

அன்புள்ள அச்யுத்துக்கு,

வந்தது! எதிர் வீட்டு பத்ரிநாராயணன் மாமா உங்கள் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு வந்தார். மாளய பட்சம் தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது, அதில் புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அம்மா மிரட்டிக்கொண்டிருந்தாள். தப்பித்தேன். அரை மணியில் மாட்டிவிட்டேன். ஓடுபாதை கோலம் மாதிரி சுத்தமாகத் தெரிகிறது. எட்டு முறை இறங்கினேன், எட்டு முறையும் உயிரோடு இருந்தேன்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லுடி" என்றார். அவரிடம் முப்பது வருஷத்துக் கச்சேரி டேப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டுமாம். நாளைக்கே உங்கள் கடைக்கு வருகிறார்.

அதைவிடப் பெரிய செய்தி. எங்கள் கல்லூரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் அறை திறக்கிறார்கள். பத்து கம்ப்யூட்டர், எல்லாம் 166. எங்கே வாங்கலாம் என்று பிரின்ஸிபால் லூயிசா மேடம் என்னைக் கேட்டார். நான் கொஞ்சமும் கூச்சப்படாமல் உங்கள் கம்பெனியைச் சொன்னேன். வந்திறங்கியதும் திறந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்புதான். உங்கள் முதலாளி உங்களுக்குச் சம்பளம் ஏற்ற வேண்டும், சொல்லிவிட்டேன்.

வர்ஷினி


கோட்டூர்புரம்
18.9.97

அன்புள்ள வர்ஷினி,

நீ சந்தோஷமாக இருப்பதைப் படித்து மகிழ்ச்சி. மாமா விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாதா? பாட்டு ஏற்றுவதற்கு அவரிடம் இருப்பதே போதும். கல்லூரிக்கும் இப்போது அவசரம் வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் எம்எம்எக்ஸ் விலை இறங்கிவிடும். அதுவுமில்லாமல், கட்டிக்கொள்ளப் போகிறவன் வேலை பார்க்கும் கடையிலேயே வாங்கினால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வேறு இடத்தில் விசாரிக்கச் சொல்லேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அச்யுத்


மயிலாப்பூர்
22.9.97

அச்யுத்துக்கு,

உங்களைப் போல ஒரு விற்பனைக்காரரை நான் பார்த்ததே இல்லை. வருகிற லட்சுமியை வாசலிலேயே நிறுத்தி வேறு கடைக்கு வழி காட்டுகிறீர்கள். மாமா வாங்கி மாட்டியாகிவிட்டது. கல்லூரிக்கு உங்கள் முதலாளியே நேரில் வந்து பேசி ஆர்டர் வாங்கிப் போய்விட்டார். நாலு பேர் பேசினால் பேசட்டும், எனக்குக் காது இருக்கிறது, வாயும் இருக்கிறது.

நவராத்திரிக் கொலுவுக்கு உங்கள் அம்மாவை அனுப்புங்கள். சுண்டல் என் கையால்.

வர்ஷினி


மயிலாப்பூர்
12.10.97

அச்யுத்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. அம்மா வழக்கம்போல் அரிவாள்மணையிலிருந்து அப்பாவின் பேனா வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் முறை வந்தது. கேபினெட்டின் மேல் வைத்துவிட்டுப் போம்மா என்றேன். "பொட்டு நெத்தியில வெப்பாளா, சட்டையில வெப்பாளா? இதோட மூளை எதுன்னு நீதானே அன்னிக்குக் காமிச்சே, அதைத் திற" என்றாள். ஃபேனைக் கழற்றக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதைச் சொன்னேன். "மாப்பிள்ளை சொன்னா சரி, சரஸ்வதிக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். திறந்தேன். ப்ராசஸரின் நடுவில் சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாள். பூஜை அன்று எதையும் தொடக் கூடாது, அப்படியே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஃபேனைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் துடைத்தேன். சந்தனம் காய்ந்து போய்விட்டது, குங்குமம் எழுத்துக்குள் இறங்கிவிட்டது. ஈரத்துணிக்கு மசியவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது. என்னடா இது என்று இன்னும் கொஞ்சம் துடைத்தேன். 166 என்ற எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது, அச்யுத். முழுசாக வந்துவிட்டது. அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சாம்பல் நிறம். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக 133 என்று தெரிகிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்துபோய், "பொட்டு வெச்சதால கெட்டுப் போயிடுத்தா?" என்று கேட்டாள்.

வேகமும் விலையும் குறைந்த 133-ஐ வாங்கி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, 166 என்று எழுதி உங்கள் கம்பெனிக்கு எவனோ விற்றிருக்கிறான். உங்கள் கடையில் இன்னும் எத்தனை இருக்கிறதோ! உடனே முதலாளியிடம் சொல்லுங்கள். மூன்று நாள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த உங்களையே ஏமாற்றிவிட்டார்களே என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. உடனே பதில் போடுங்கள்.

வர்ஷினி


கோட்டூர்புரம்
14.10.97

அன்புள்ள வர்ஷினி,

உன் கடிதம் பெரிய இடியாக இருந்தது. நீ ஊகித்தது சரிதான். வெளியிலிருந்து சரக்கு வரும்போது இப்படிச் சில சமயம் கலந்துவிடுகிறது. எங்களாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், விசாரிப்பதாகச் சொன்னார். உனக்கு வேறு ஒன்று அனுப்புகிறேன். அதுவரை இதை யாரிடமும் சொல்லாதே. மாமாவுடையதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை, எல்லாமே அப்படி இருக்காது.

கவலைப்படாதே.

அச்யுத்


மயிலாப்பூர்
16.10.97

அச்யுத்துக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதன் பிறகு உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். நான் கணக்கு வாத்தியார் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

பெட்டி பிரிக்காத புதுச் சரக்கை எதற்காக மூன்று நாள் ஓட்டிப் பார்த்தீர்கள்? நிஜமான 166 முதல் நிமிஷத்திலிருந்தே 166-ஆக ஓடும். தாங்குமா தாங்காதா என்ற சந்தேகம் இருக்கிறவன்தான் மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பான். ஃபேனைக் கழற்றாதே என்றீர்களே, அது சிப்புக்கு நல்லதில்லையா, உங்களுக்கு நல்லதில்லையா? மாமா வாங்கப் போகிறார் என்றதும் பொறுக்கச் சொன்னீர்கள். கல்லூரிக்கு ஆர்டர் என்றதும் வேறு கடைக்கு வழி காட்டினீர்கள். அது செப்டம்பர் பதினெட்டாம் தேதி. அம்மா பொட்டு வைத்ததோ அக்டோபர் பத்தாம் தேதி. ஏமாந்தவனுக்கு மூன்று வாரம் முன்னாலேயே பயம் வருமா?

மாமாவுடையதையும் திறந்தேன். கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் ரிமூவர். அதுவும் 133.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அதை என் பெயர் எழுதி, உங்கள் பெயர் எழுதி, நடுவில் எழுதுங்கள். கல்லூரி விஷயத்தை இப்போது எழுத முடியவில்லை.

வர்ஷினி


கோட்டூர்புரம்
20.10.97

வர்ஷினி,

தெரியும்.

நான்கு நாளாக எழுதிக் கிழித்ததில் இந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இதற்கப்புறம் நீ கடிதம் போடாவிட்டாலும் எனக்கு அது புரியும்.

எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. என் வேலை அங்கேதான். உன் அப்பாவிடம் டெஸ்டிங் என்ஜினியர் என்று சொன்னோமே, அது பொய் இல்லை. 133-களை ஒவ்வொன்றாக மாட்டி, ஜம்பரை மாற்றி, 166 வேகத்தில் ஓட்டுவேன். ஆறு மணி நேரம் தாங்கினால் தேறியது. தேறியது தங்கவேலிடம் போகும். அவர் வெளியே கல்யாணப் பத்திரிகை ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிறவர். தேய்த்து, கறுப்பு ஏற்றி, எழுத்துப் போட்டுக் கொடுப்பார். "இன்னா சார், நம்ம எழுத்து அசல் எழுத்த வுட ஷோக்கா கீது பாரு" என்பார். நானும் சிரிப்பேன். மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சேர்ந்த முதல் மாதம் எனக்கும் கசந்தது. அம்மாவிடம் சொல்லாமல் வேறு இடம் தேடினேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு பழகிவிட்டது. யாரும் திட்டவில்லை, யாருக்கும் தெரியவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடையின் கண்ணாடி அலமாரியில் நிஜமான 166 இருந்தது. உனக்கு அதை எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. பத்து 133-ஐ ஓட்டிப் பார்த்து, மூன்று நாள் சூட்டிலும் அசையாமல் நின்ற ஒன்றைப் பொறுக்கி, தங்கவேலிடம் இதற்கு மட்டும் இன்னும் நன்றாக எழுதுங்கள் என்று சொல்லி வாங்கி உனக்கு அனுப்பினேன். உனக்கு இருப்பதிலேயே சிறந்ததைக் கொடுக்கிறேன் என்று மனசார நம்பினேன். அன்பாகத்தான் செய்தேன். நீ எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. பொய்யில் நல்லது எது என்று தேடிக்கொண்டிருந்தேனே தவிர, பக்கத்திலேயே நிஜம் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

மாமாவுடையது ஆறு மணி நேரச் சரக்கு. கல்லூரிக்குப் போன பத்தும் அப்படித்தான். இந்த மழைக்கு ஓடும். ஏப்ரல் வெயிலில், பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது, ஒவ்வொன்றாக நிற்கும்.

அச்யுத்


மயிலாப்பூர்
22.10.97

அச்யுத்துக்கு,

திட்டுவதற்கு உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குத் தாங்க முடியாத இடம், அன்பாகத்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. அது பொய்யாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நிஜம் என்று தெரிகிறது.

நான் வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் இல்லை. மூன்று இடம் இருக்கிறது. பத்ரிநாராயணன் மாமா, எங்கள் கல்லூரி பிரின்ஸிபால், என் அப்பா. தீபாவளிக்குள் நீங்களே நேரில் போய், உட்காராமல், நின்றுகொண்டு சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த சரக்கில் கலந்துவிட்டது என்ற கதை வேண்டாம். நான் ஓட்டினேன், நான் தேற்றினேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பொய்யோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

வர்ஷினி


கோட்டூர்புரம்
27.10.97

வர்ஷினி,

மூன்று இடமும் போய் வந்துவிட்டேன்.

வேலையை வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டேன். முதலாளி கோபப்படக்கூட இல்லை. "போ, தையில கல்யாணத்த வெச்சிக்கினு தெருவுல நில்லு" என்றார். தங்கவேல்தான் வாசல்வரை வந்தார். "நீ போய்ட்டா எனுக்கு யாரு சார் தேத்திக் குடுப்பா? கண்டவனும் தேத்துனா என் எழுத்துல்ல கெட்டுப் பூடும்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மாமா. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ நான் ஏத்தின பாட்டெல்லாம் போயிடுமா?" என்று மட்டும்தான் கேட்டார். என் கைக்காசில் நிஜமான ஒன்று வாங்கி மாட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா. நீ உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்தாய் என்று உன் கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது. ஆகவே அதை நான் எழுத வேண்டியதில்லை.

இன்று காலை உன் கல்லூரி. லூயிசா மேடம் உட்காரச் சொன்னார், நான் நின்றேன். பத்து கம்ப்யூட்டரும் பொய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பத்தையும் திறந்து சோதித்தேன், அனைத்தும் 166-தான் என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. தேதி பதினைந்து.

166 பஞ்சோடு வந்துவிட்டது என்று நீ எனக்கு எழுதியது பன்னிரண்டாம் தேதி.

அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேடம் என்னவோ கேட்டார், இரண்டாவது முறை கேட்டபோதுதான் விளங்கியது. "மிஸ் வர்ஷினிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மேலே இருந்த எழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அந்த எழுத்தைப் போட வைத்தவன் நான், அவரையும் நான்தான் ஏமாற்றினேன் என்றேன். "எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்றார்.

நீ ஏன் போட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஊகிக்க முடிகிறது. எனக்கு உன் மேல் கோபமும் இல்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? மூன்று இடத்திலும் நிஜம் சொல்ல வேண்டும் என்றாய். மூன்றாவது இடத்தில் ஒரே ஒரு பொய் சொன்னேன். இதுதான் என் கடைசிப் பொய். அப்படியே இருக்கட்டும், நீ எதுவும் செய்யாதே.

அச்யுத்


மயிலாப்பூர்
29.10.97

அன்புள்ள அச்யுத்,

உங்கள் கடிதத்தை நேற்று மாடிப்படியில் நின்றுகொண்டு படித்தேன். தேதி பதினைந்து என்ற இடம் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஆமாம், போட்டேன். பதின்மூன்றாம் தேதியே கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. என் கைப்பையில் ரிமூவரும் பஞ்சும் இருந்தன. முதல் கேபினெட்டைத் திறந்தேன், ஃபேன் மேல் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். பார்த்துவிட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பழி உங்கள் மேல் விழும், கல்யாணம் நின்றுவிடும், இந்தப் பெண் தன் வீட்டு மாப்பிள்ளைக்காகக் கல்லூரியை ஏமாற்றினாள் என்பார்கள். பத்தையும் மூடினேன். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று நீட்டி முழக்கிக் கடிதம் எழுதினேன். பொய்யோடு குடித்தனம் நடத்த மாட்டேன் என்று வேறு எழுதினேன். எழுதும்போது எனக்கு என் மேல் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை, அச்யுத். நீங்கள் கண்ணாடி அலமாரியைப் பார்க்காமல் போன மாதிரிதான் நானும் இருந்திருக்கிறேன். அதுதான் என்னைக் கதிகலங்க வைக்கிறது.

இன்று காலை லூயிசா மேடத்தின் அறைக்குப் போனேன். எனக்குப் பன்னிரண்டாம் தேதியே தெரியும் என்று சொன்னேன். "முந்தாநாள் அவர் சொன்னத நம்பினேன். இப்ப நீங்க சொல்றதயும் நம்பறேன். அதாம்மா கஷ்டமா இருக்கு" என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு நிர்வாகம் கூடி முடிவு செய்யும். வேலை இருந்தாலும் இருக்கலாம், போனாலும் போகலாம். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை நான் காப்பாற்றவில்லை. மன்னிக்க வேண்டாம்.

வீட்டில் நடப்பது இன்னும் பெரிய அதிர்ச்சி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போன பிறகு அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஏமாற்றியதற்காகக் கொதிக்கிறார் என்று நினைத்தேன். "எல்லாக் கடையிலயும் பண்றதுதான். மேல என்ன எழுதியிருந்தா என்ன, ஓடறதோல்லியோ? அதை வந்து ஒப்பிச்சுண்டு, இருந்த வேலையையும் விட்டுட்டு நிக்கறான். சாமர்த்தியம் இல்லாத பையனுக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?" என்கிறார். காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தவரை அவருக்கு நல்ல மாப்பிள்ளை. நிஜம் சொன்ன பத்து நிமிஷத்தில் ஆகாதவர் ஆகிவிட்டீர்கள். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து, "எல்லாம் என்னால, நான் அதுக்குப் பொட்டு வெச்சிருக்கப்படாது" என்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. அது எப்போது தீரும் என்று சொல்லவும் முடியாது. என் மேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வரப் போகிறேன். இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போனால், இருக்கிற இரண்டு கையால் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளி கழிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா உங்கள் வீட்டுக்கு வருகிறார். நிச்சயதார்த்தத்தன்று எழுதிய லக்னப் பத்திரிகையைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வர்ஷினி